பொட்டுக் கலையாத ஸ்பானர்

என் மருமகனோடு ஒரே வீட்டில் ஆறு வருஷம் இருந்தும் அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகன் முன்னால் நின்று பேசுகிற வழக்கம் இல்லை. சொல்ல வேண்டியதை மகளிடம் சொன்னால் அவள் அவரிடம் சொல்லுவாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாம் காதில் விழுந்துகொண்டிருந்தாலும் அப்படித்தான். ஊரில் நாலு கட்டு வீடு இருக்கிறவர்களுக்கு அது சரிப்படும். தாராவியில் எங்களுக்குக் கீழே ஒரு அறை, ஏணி ஏறினால் மேலே ஒரு அறை. கீழே நானும் அடுப்பும் சாமியும். மேலே அவர்கள் இரண்டு பேரும். அவர் ஏணியில் இறங்கினால் நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வேன்.

வழக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்குப் பிறவியிலேயே கூச்சம். அந்த வழக்கம் எனக்குச் சவுகரியமாக இருந்தது என்பதுதான் உண்மை. அந்தச் சவுகரியம் எதில் கொண்டுபோய் விடப் பார்த்தது என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

மருமகனுக்கு மோட்டார் சைக்கிள்தான் பிழைப்பு. தாராவியில் தைக்கிற தோல் பைகளை மூட்டை கட்டிப் பின்னால் வைத்துக்கொண்டு மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு என்று கடைகடையாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். வண்டி படுத்தால் எங்கள் அடுப்பும் படுத்துவிடும். முதலில் மெக்கானிக்கிடம்தான் விட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு சத்தம் போய் வேறொரு சத்தத்தோடு வண்டி திரும்பி வரும். போனில் படம் பார்த்துப் பார்த்து, வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று முடிவுக்கு வந்தார்.

குர்லா பக்கம் ரோட்டோரத்தில் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் பெட்டி. திறந்தால் உள்ளே ஒவ்வொரு சாமானும் அதனதன் பள்ளத்தில் பளபளவென்று படுத்திருந்தது, நகைப்பெட்டி மாதிரி.

“நாப்பத்தாறு பீஸும்மா” என்றாள் மகள். “மெக்கானிக் கடையில கூட இவ்வளவு இருக்காது.”

நான் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கனமே இல்லை. அதன் பள்ளத்திலேயே திருப்பி வைத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் வைத்து ஏதோ ஒரு நட்டைக் கழற்றப் பார்த்தார். ஸ்பானர் வழுக்கியது. நட்டின் மூலைகள் தேய்ந்து உருண்டையாகிவிட்டன. அவர் கை போய்ப் பக்கத்து இரும்பில் மோதி நாலு முட்டியும் தோல் உரிந்தது. கையை உதறிக்கொண்டு உள்ளே வந்தவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். படியில் ரத்தம் சொட்டியது. மகள் கட்டுப் போட்டாள். நான் மஞ்சள் தண்ணீர் விட்டுப் படியைக் கழுவினேன். கல்லின் துளைக்குள் போனது போகவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. வாசற்படியில் ரத்தம் விழுந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

எங்கள் எதிர் மாடியில் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிற பாய் மேலேயிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கடையநல்லூர்க்காரர். அவர் பட்டறையில்தான் நான் இருபத்திரண்டு வருஷம் தோல் வெட்டித் தைத்தேன். தன் தையல் மிஷின்களை அவரே பிரித்து அவரே மாட்டுகிறவர். கீழே இறங்கி வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார்.

“மாப்ள, இது கல்யாண சீர்வரிசைக்கு வைக்கலாம். வண்டிக்கு ஆவாது” என்றார். “மொதல்ல ஒம்ம வண்டியில எத்தன சைஸு நட்டு இருக்குன்னு எண்ணும். ஆறோ ஏழோ இருக்கும். அந்த ஆறுக்கும் நல்ல இரும்பா வாங்கும். மிச்ச நாப்பதும் கண்ணுக்கு அழகு, கைக்குக் கேடு.”

“நல்லதுன்னு எப்படி பாய் கண்டுபிடிக்கிறது? எல்லாம் ஒரே மாதிரிதான் மின்னுது” என்றார் மருமகன்.

பாய் என்னைக் கை காட்டினார். “அந்தா, ஒம்ம மாமியாரக் கூட்டிட்டுப் போரும். கத்திரியத் தட்டிப் பாத்தே நல்லது கெட்டது சொல்லுவாவ. என் பட்டறைக்கு இரும்பு வாங்குனதெல்லாம் அவங்க காதுதான்.”

நான் உள்ளே போய்விட்டேன். ஆனாலும் அடுத்த வாரம் மகள் விடவில்லை. மூன்று பேருமாக ரயிலேறி, இரும்புச் சாமான் கடைகள் நெருக்கிக்கொண்டு நிற்கிற நாக்தேவி தெருவுக்குப் போனோம்.

கடையில் மருமகன் முன்னால் நின்றார், நான் மகளுக்குப் பின்னால். கடைக்காரர் குஜராத்தி. ஸ்பானர்களை மேஜையில் பரப்பினார். நான் புடவையிலிருந்து ஒரு நூல் இழுத்து, ஒரு ஸ்பானரின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு இன்னொன்றால் தட்டினேன். நல்ல இரும்பு மணி மாதிரி நின்று பேசும். கெட்டது ‘டொக்’ என்று வாயை மூடிக்கொள்ளும். பிறகு ஒரு நட்டில் மாட்டி ஆட்டிப் பார்த்தேன்.

“ஏட்டி, இதுக்கு வாய் தொளதொளன்னு இருக்கு, வேண்டாம்னு சொல்லு.”

“வாய் லூஸா இருக்காம், வேண்டாமாம்” என்று மகள் தன் புருஷனைப் பார்த்துச் சொன்னாள். அவர் எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றார்.

“நம்பர் இரும்புலயே வெட்டிருக்கணும், மேல பூசிருக்கப்புடாதுன்னு சொல்லு.”

“நம்பர் வெட்டிருக்கணுமாம்.”

“கேட்டுது” என்றார் அவர்.

கடைக்காரர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “மாஜிக்கு உங்க மேல கோபமா?” என்று மருமகனிடம் இந்தியில் கேட்டார். மருமகன் சிரித்துவிட்டார். மகள் சிரித்தாள். எனக்குக் காது சுட்டது.

கடைசியில் வளைய ஸ்பானர் ஆறு வாங்கினோம். எட்டு–ஒன்பது, பத்து–பதினொன்று, பன்னிரண்டு–பதிமூன்று, பதினாலு–பதினைந்து, பதினாறு–பதினேழு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை, இரண்டு அளவு. ஆறாவது பெரியது, இருபத்துநாலு–இருபத்தேழு. அது பின் சக்கரத்து நட்டுக்கு மட்டும்தான், தனியாக ஒன்று தேவையா என்று மருமகன் யோசித்தார். நான்தான் மகளிடம் சொன்னேன்: “சக்கரத்தப் பிடிச்சு நிக்கிற நட்டுக்கு இல்லாத இரும்பு வேற எதுக்கு? வாங்கச் சொல்லு.” இவற்றோடு ஒரு பிளக் ஸ்பானர், ஒரு குறடு, இரண்டு திருப்புளி. அவ்வளவுதான். பழைய பெட்டியில் இருந்ததை மருமகன் ஆளுக்கு ஒன்றாகத் தெருவில் கொடுத்துவிட்டார்.

எதில் வைப்பது என்று அடுத்த பேச்சு. அவருக்கு இரும்புப் பெட்டி வாங்க ஆசை. எங்கள் அறையில் ஒரு பெட்டி வைத்தால் ஒரு ஆள் படுக்கிற இடம் போய்விடும். அதோடு மழைக்காலத்தில் தரையில் ஈரம் ஏறும், பெட்டிக்குள் இருக்கிற இரும்புக்கு வேர்த்துப் போகும். பாயிடம் மிஞ்சின தோல் கேட்டு வாங்கி, நான் ஒரு சுருள் தைத்தேன். விரித்தால் வரிசையாகப் பைகள், அளவுவாரியாக. ஒவ்வொரு பைக்கு மேலும் நம்பரை நூலால் தைத்தேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது, ஆனாலும் எனக்கு நம்பர் அழகாக வரும். சுருட்டி வாரைக் கட்டி ஆணியில் மாட்டினால் சுவரோடு சுவராக இருக்கும். ஒரு ஸ்பானர் குறைந்தாலும் பை வாயைத் திறந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மருமகன் அதை விரித்து, ஒவ்வொரு நம்பரையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, “அத்தைகிட்ட சொல்லு, கம்பெனிக்காரன் கூட இப்படித் தைக்க மாட்டான்” என்று மகளிடம் சொன்னார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆணியில் அந்தச் சுருள் தொங்குகிற வரைக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆயுத பூஜை வந்தது. மழை முடிந்து வெயில் திரும்புகிற நாள், சந்துக்குள் காற்றே இல்லை. பாய் பட்டறையில் எங்கள் ஆட்கள் மிஷினுக்கெல்லாம் பூ வைத்துப் பூஜை போடுவார்கள், பொரி கடலை பாய்தான் வாங்கிக் கொடுப்பார். எங்கள் வீட்டில் அந்த வருஷம் முதல் தடவையாகப் பூஜையில் வைக்க ஆயுதம் இருந்தது. எனக்கு அதில் ஒரு பெருமை.

பூஜையில் வைத்த சாமானை மறுநாள் காலையில் மறுபூஜை போட்டு எடுக்கிற வரைக்கும் தொடக்கூடாது. அதில் நான் கண்டிப்பு. அதற்குக் காரணம் இருந்தது. பல வருஷம் முன்னால், பட்டறையில் அவசர ஆர்டர் என்று வெட்டுகிறவர் ஒருவர் சந்தனப் பொட்டோடு இருந்த கத்திரியை எடுத்துவிட்டார். சாயங்காலத்துக்குள் இரண்டு விரல் நுனி போய்விட்டது. நான்தான் துணி சுற்றிச் சயான் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனேன். அவர் விரலை எடுத்தது கத்திரியா அவசரமா என்று இப்போது யோசிக்கிறேன். அன்றைக்கு யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் மகளும் மருமகனும் வண்டியிலேயே கல்யாணுக்குப் போவதாக இருந்தது, அவருடைய அக்கா வீட்டுக்கு. செயின் தொங்குகிறது, இழுத்து வைக்க வேண்டும் என்று மூன்று மணிக்கு மேல் வந்து உட்கார்ந்தார். செயினை இழுக்க வேண்டுமானால் பின் சக்கரத்து நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, மறுபடி முறுக்க வேண்டும். பார்த்துப் பார்த்து எனக்கே அது தெரிந்திருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குள் பூஜையை முடிக்க எனக்கு அவசரம். அவர் ஒவ்வொரு ஸ்பானராகக் கீழே வைக்க வைக்க, நான் எடுத்துக் கழுவித் துடைத்து, சாமிப் பலகையில் அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தேன். நடுவில் அவருக்குப் போன் வந்தது. எழுந்து சந்து முனை வரைக்கும் போய்விட்டார். பெரிய ஸ்பானர் சக்கரத்தின் ஓரமாகக் கிடந்தது. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து அதையும் எடுத்துவந்தேன். அதன் வாயோரத்தில் வைத்த பொட்டுதான் எல்லாவற்றிலும் வட்டமாக வந்தது.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். நட்டை விரலால் திருகினார். ஸ்பானரைத் தேடித் தரையைத் தடவினார். பிறகு தலையைத் தூக்கி உள்ளே பார்த்தார். எழுந்துவந்து பலகையை நோக்கிக் கையை நீட்டினார்.

“ஏட்டி” என்றேன், அடுப்பில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த மகளிடம். “பொட்டு வச்ச பெறவு தொடப்புடாதுன்னு சொல்லு.”

“அம்மா, ஒரு நட்டுதானே. பாஞ்ச் மினிட் ஆவுமா?”

“ரெண்டு விரல் போனதும் அஞ்சு நிமிசந்தான். சொல்லு.”

அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் கையை எடுத்துக்கொண்டார். “சரி, சரி. காலையில பாத்துக்கிறேன்” என்று அவளிடம் சொன்னார். அவருக்கு அந்த வீடு மாமியார் வீடு. அவர் எதற்கும் எதிர்த்துப் பேச மாட்டார். வாசலுக்குப் போய் மறுபடி குனிந்து, நட்டை விரலால் இறுக்கினார். இரண்டு தடவை. நான் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த முகத்தோடு ஓரக்கண்ணால் பார்த்தேன். விரலால் இறுக்குகிற நட்டு என்ன நட்டு என்று மனசுக்குள் ஒன்று சொன்னது. காலையில் பார்த்துக்கொள்வார், அவருக்குத் தெரியாததா என்று இன்னொன்று சொன்னது. அந்த இரண்டாவதைக் கேட்டுக்கொண்டேன்.

பிறகு வண்டிக்குப் பூஜை. சாமந்தி மாலையை நான் இரண்டு சுற்றாகப் பின்பக்கம் தொங்கவிட்டேன், சக்கரத்தின் நடுப்பாகத்தை மூடிக்கொண்டு. சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து மருமகன் வண்டியைத் தள்ளினார். முன் சக்கரத்துப் பழம் நசுங்கியது. பின் சக்கரம் பழத்தின் மேல் ஏறாமல் ஒரு பக்கமாக ஒதுங்கிப் போனது. பழம் உருண்டு சாக்கடையில் விழுந்தது.

“சந்து சரிவு” என்று மகள் சிரித்தாள். இன்னொரு பழம் எடுத்துவர நான் உள்ளே போனேன். தீர்ந்திருந்தது.

காலையில் ஆறரை மணிக்கு நான் குளித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் குளிக்கிற மூலைக்கு ஒரு திரைதான். திரைக்கு அந்தப் பக்கம் ஏணி கிரீச்சிட்டது, பையின் ஜிப் இழுபட்டது.

“அம்மா, போயிட்டு வாறோம். வெயிலுக்கு முன்ன போயிரணும்” என்றாள் மகள்.

“நானும் போயிட்டு வர்றேன்னு அத்தைகிட்ட சொல்லு” என்றது அவர் குரல்.

வண்டி கிளம்புகிற சத்தம் சந்துக்குள் முட்டி முட்டி வெளியே போனது. என்றைக்கும் போல்தான் இருந்தது.

நான் ஈரத்தலையோடு விளக்கேற்றி, பொரியும் பழமும் வைத்து மறுபூஜை போட்டேன். கற்பூரம் அணைந்ததும் சாமான்களை எடுத்தேன். ஒவ்வொன்றாகப் பொட்டைத் துடைத்துச் சுருளில் அதனதன் பையில் வைத்தேன். எட்டு–ஒன்பது. பத்து–பதினொன்று. இப்படியே ஐந்தும் உள்ளே போயின. ஆறாவதை எடுத்துப் பொட்டின் மேல் கட்டைவிரலை வைத்தேன். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

பொட்டு முழுசாக இருந்தது. சந்தனம் காய்ந்து, ஓரத்தில் மெல்லிசாக வெடித்து, நடுவில் குங்குமம் கலையாமல், நான் வைத்த மாதிரியே வட்டமாக இருந்தது. இந்த வாயை ஒரு நட்டில் மாட்டியிருந்தால் அந்தப் பொட்டு இருக்காது. காலையில் இதை யாரும் எடுக்கவில்லை. நட்டு நேற்று விரலால் இறுக்கியபடியே இருந்தது. அதன் மேல் என் மாலை மூடியிருந்தது. அந்த நட்டு பிடித்திருக்கிற சக்கரத்தின் மேல் என் மகள் உட்கார்ந்திருந்தாள்.

மகளின் போனுக்குப் பண்ணினேன். அடித்து அடித்து ஓய்ந்தது. அவள் போனைப் பைக்குள் போட்டுப் பையை மடியில் வைத்துக்கொள்வாள். மறுபடி பண்ணினேன். மறுபடி ஓய்ந்தது.

என் பட்டன் போனில் இரண்டாம் நம்பரை அழுத்திப் பிடித்தால் மருமகனுக்குப் போகும். ஆத்திர அவசரத்துக்கு என்று மகள் வைத்துக் கொடுத்தது. அந்தப் பட்டனை நான் ஒருநாளும் தொட்டதில்லை. தொட்டேன்.

இரண்டு தடவை மணி அடித்ததும் எடுத்தார். ஹெல்மெட்டுக்குள் காதோடு போனைச் செருகிக்கொண்டு ஓட்டுகிற பழக்கம் அவருக்கு. காற்றின் இரைச்சல், லாரி ஹாரன்.

“அத்தை?”

எனக்கு வந்தது பயமில்லை, வெட்கம். அந்த நேரத்திலும் வெட்கம். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

“அத்தை, கை பட்டுருச்சா? விக்ரோலி தாண்டிட்டோம்.”

பின்னாலிருந்து மகளின் சிரிப்பு கேட்டது. “எங்கம்மா ஒங்ககிட்ட பேசிட்டாலும்! கை பட்டுத்தான் வந்திருக்கும், வைங்க.”

வைத்துவிட்டார்.

ஸ்பானர் ஒரு கையில், போன் ஒரு கையில். எதிர் மாடியில் பாயைக் கூப்பிட்டு அவரைப் பேசச் சொல்லலாமா என்று வாசல் வரைக்கும் போனேன். அங்கேயும் நடுவில் ஒரு ஆளைத் தேடுகிறேன் என்று உறைத்தது. அதற்குள் அவர்கள் இன்னும் எவ்வளவு தூரம் போயிருப்பார்கள்? வாசற்படியில், அந்தப் பழைய ரத்தக் கறை மேலேயே உட்கார்ந்து, மறுபடி பட்டனை அழுத்தினேன்.

“அத்தை?”

“மாப்ள, வண்டிய நிறுத்துங்க.”

“யாரு… அத்தையா பேசுறீங்க?”

“நிறுத்துங்க. பின்சக்கர நட்ட நீங்க முறுக்கல. நான் முறுக்க விடல. மெதுவா ஓரத்துல நிறுத்துங்க.”

இரைச்சல் குறைந்து, இஞ்சின் சத்தம் நின்று, ரோட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. மகள் “என்னாச்சு, என்னாச்சு” என்றாள். மாலையை இழுத்து அறுக்கிற சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. அவர் மூச்சு மட்டும் கேட்டது.

“வெரலாலயே சுத்துது அத்தை” என்றார். “கடைசி மரையில நிக்குது. ரெண்டு சுத்து சுத்துனா கைல வந்துரும். வண்டி ஆடிக்கிட்டேதான் வந்துச்சு, ரோடு மோசம்னு நெனச்சேன்.”

அக்கம்பக்கம் விசாரித்துவிட்டுச் சொன்னார்: பாண்டுப்பில் நிற்கிறார்களாம். அன்றைக்குத் தசரா. மெக்கானிக் கடையெல்லாம் மாலை போட்டு மூடிக் கிடக்கிறதாம். ஒரு கடை திறந்திருக்கிறதாம், ஆனால் பூஜை முடியாமல் பானா தர மாட்டேன் என்கிறானாம் கடைக்காரன். பம்பாயில் ஸ்பானருக்கு அதுதான் பேர். அவனைத் திட்ட எனக்கு வாயில்லை.

“ஸ்பானர நான் கொண்டுட்டு வாறேன். ஸ்டேஷன் வாசலுக்கு வாங்க” என்றேன்.

சயானில் ரயிலேறினேன். தனியாக ரயிலில் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. துணிப்பைக்குள் அந்த இரும்பு மடியில் கனத்தது. உட்கார்ந்து இரண்டு ஸ்டேஷன் போன பிறகுதான் ஒன்று தோன்றியது: நான் வருகிறேன் என்று சொன்னேனே தவிர, அதுவரைக்கும் வண்டியில் ஏறாதீர்கள் என்று சொல்லவில்லை. ஸ்டேஷன் வரைக்கும்தானே, மெதுவாக ஓட்டிப் போகலாம் என்று அவர் நினைத்துவிட்டால்? போனை எடுத்தேன். சிக்னல் கோடு இல்லை. வித்யாவிஹார், காட்கோபர். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பூவும் பையுமாகப் பெண்கள் ஏறினார்கள். எதிரில் இருந்த மராத்தி அம்மாள் என் கையில் ஒரு ஆப்டா இலையை வைத்து, “சோனா கியா” என்றாள். தசராவுக்கு இலையைத் தங்கம் என்று கொடுப்பது இங்கே வழக்கம். நான் வாங்கி ஸ்பானரோடு பையில் போட்டேன். விக்ரோலி. கஞ்சூர்மார்க். ஜன்னலில் ரோடு தெரியும் என்று பார்த்தேன். சுவர்தான் தெரிந்தது.

பாண்டுப்பில் இறங்கி வெளியே வந்ததும் முதலில் மகளைத்தான் தேடினேன். நின்றாள். முழுசாக நின்றாள். மருமகன் வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டே ஸ்டேஷன் வாசல் வரைக்கும் வந்திருந்தார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மாலை பாதி அறுந்து ரோட்டில் இழுபட்டுக்கொண்டிருந்தது.

ஸ்பானரை அவர் கையில் நேராகக் கொடுத்தேன். பொட்டைத் துடைக்க மறந்திருந்தேன். அவர் அதை ஒரு நொடி பார்த்தார். பிறகு நட்டில் மாட்டினார். முறுக்க முறுக்க, சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டு நின்றேன். ஒன்பது. கடைசிச் சுற்றுக்கு அவர் எழுந்து நின்று காலால் அழுத்தினார்.

கையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார். “நேத்து நான் வெரலால முறுக்குனத நீங்க பாத்தீங்களா அத்தை?”

மகளிடம் சொல்லி அவளைச் சொல்லச் சொல்ல முடியாது. அவள் எனக்கும் அவருக்கும் நடுவில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாத்தேன்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். “நானும் மறந்துட்டேன்” என்றார். அவ்வளவுதான். அவர் நல்லவர். என்னை அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. “நான் மெதுவா போயி அக்காவப் பாத்துட்டு வந்துடறேன்” என்றார். மகள் வண்டியிலிருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, “நான் அம்மாகூட ரயில்ல போறேன்” என்றாள்.

திரும்பி வரும்போது அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். தலை நிறைய மல்லிகை வைத்திருந்தாள், காலையில் அத்தனை ஆசையாகக் கட்டினது. குர்லா தாண்டின பிறகு சொன்னாள்:

“அவ்வொகிட்ட நேர சொல்லாட்டா போட்டும். எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா. நாந்தான ஒனக்கு எல்லாம் சொல்லுதவ.”



சுருள் இப்போதும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. வண்டியில் கை வைத்தால் மருமகன் கடைசியில் என்னைக் கூப்பிடுவார். “அத்தை, வந்து பாருங்க” என்பார். நான் போய்ப் பின் நட்டை விரலால் திருகிப் பார்த்து, “சரியா இருக்கு மாப்ள” என்பேன். நேராகவே சொல்லுவேன். ஆயுத பூஜைக்கு அந்தப் பெரிய ஸ்பானரை மட்டும் நான் பலகையில் வைப்பதில்லை. அது சுருளிலேயே இருக்கும்.

மகள் அதற்குப் பிறகு அந்த வண்டியில் உட்காரவில்லை. கேட்டால், முதுகு வலி, பஸ்ஸில் போகிறேன் என்கிறாள். நானும் மருமகனும் வாசலில் நின்று நட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, உள்ளே அவள் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோகும். எங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரியும். கேட்டுவிட்டு, ஏணியில் ஏறிப் போய்விடுவாள்.